மென்பொருள் வானொலியை வடிவமைப்பது எப்படி? திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு பார்வை

2004 டிசம்பர் 26ஆம் திகதி, அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58 மணியளவில் சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை எமது கிழக்குக் கரையை அடைவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எடுத்தது. நிலம் அதிர்ந்ததை ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அறிந்திருந்தது. இந்து சமுத்திர நாடுகளுக்கு அதைச் சொல்லும் ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. கொழும்பில் எவராவது அறிந்திருந்தாலும், நிலாவெளியிலோ மூதூரிலோ கரையில் நின்றவரின் காதுவரை அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் வழியும் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

அன்று நாட்டில் வானொலிப் பெட்டிகள் இருந்தன, தொலைபேசிகள் இருந்தன, நிலாவெளி வீதியில் பெர்கராவில் ஜேர்மன் வானொலியின் மிகப் பெரிய அஞ்சல் நிலையம்கூட இருந்தது. கருவிகள் தனித்தனியே நின்றன. அவற்றை ஒரு தேவைக்காக ஒன்றாகக் கோத்த முறைமைதான் இல்லை.

அன்புவழிபுரத்தில் வசிக்கும் நான், றேடியோ திருத்துவதில் தொடங்கி வானொலி இலத்திரனியலில் ஈடுபாடு கொண்டவன். மென்பொருள் வானொலி என்ற தொழில்நுட்பம் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் சில இளைஞர்களும், "எதை வாங்குவது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டிய வேறு கேள்விகள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகக் கேட்கும் கலைக்குத்தான் முறைமைப் பொறியியல் என்று பெயர். எமது கரையை உதாரணமாக வைத்து அதை இங்கே விளக்குகிறேன்.

மென்பொருள் வானொலி என்றால் என்ன?

பழைய றேடியோ ஒன்றைத் திறந்தால் சுருள்கள், கொண்டளவிகள், திரான்சிஸ்டர்கள் தெரியும். எந்த அலைவரிசையைப் பிடிப்பது, அதிலிருந்து ஒலியை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அந்தப் பாகங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய அலைப் பெட்டியைக் கப்பல் தொடர்புப் பெட்டியாக மாற்ற வேண்டுமானால் ஏறத்தாழ எல்லாப் பாகங்களையும் கழற்ற வேண்டும்.

மென்பொருள் வானொலியில் அன்ரனாவில் விழும் அலை சிறிது விரியலாக்கப்பட்டு, உடனே எண்களாக மாற்றப்படுகிறது. ஒரு செக்கனுக்குப் பல இலட்சம் தடவை அலையின் அளவு அளக்கப்பட்டு எண்ணாகப் பதியப்படுகிறது. வடிகட்டுவது, ஒலியைப் பிரிப்பது, தரவைப் படிப்பது எல்லாம் அதன்பிறகு கணினிக் கணக்கு. மென்பொருளை மாற்றினால் அதே பெட்டி வேறு வானொலியாகிவிடும்.

இந்தச் சிந்தனைக்கு 1990களின் தொடக்கத்தில் பெயர் சூட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோசப் மிட்டோலா. 2001இல் எரிக் புளொசம் தொடங்கிய குனு றேடியோ என்ற இலவச மென்பொருள் அதை மாணவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. 2012இல் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட, ரியல்ரெக் கம்பெனியின் சில்லு கொண்ட சிறிய யூஎஸ்பி டொங்கிள்கள் பொதுவான வானொலி வாங்கிகளாகவும் வேலை செய்யும் என்பது வெளிவந்தது. இன்று முப்பது நாற்பது அமெரிக்க டொலருக்குள் கிடைக்கும் அந்த வகை டொங்கிள், ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கும். கைபேசிக் கோபுரங்களின் அடியில் இருக்கும் நவீன பெட்டிகளும் பெரும்பாலும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

இதன் பயனை அண்மையில் தெளிவாகக் கண்டோம். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 ஆகிய வானிலைச் செய்மதிகள் பல ஆண்டுகளாக 137 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் முகில் படங்களை அனுப்பிவந்தன. உலகெங்கும் ஆர்வலர்கள் அவற்றை வீட்டு அன்ரனாவில் பிடித்தார்கள். 2025இல் மூன்றும் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. அந்தப் படங்களுக்கென்றே செய்யப்பட்ட தனிப் பெட்டிகள் அதோடு பயனற்றுப்போயின. மென்பொருள் வானொலி வைத்திருந்தவர்களோ அதே அன்ரனா, அதே டொங்கிளோடு, ரஷ்யாவின் மீற்றியோர் செய்மதிகள் அதே பகுதியில் அனுப்பும் டிஜிற்றல் படங்களுக்கு மாறினார்கள். மாறியது மென்பொருள் மட்டுமே.

தேவையிலிருந்து தொடங்குவது

முறைமைப் பொறியியல் என்றால் பெரிய சொல்லாகத் தோன்றும். எமது மக்கள் அதைப் பெயர் தெரியாமலே செய்திருக்கிறார்கள்.

1990களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பற்றரி தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தது. மின்சாரமும் இல்லை. ஆனால் செய்தி கேட்டாக வேண்டும். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தை டயோட்டுகளால் நேராக்கி றேடியோவுக்குக் கொடுத்தார்கள். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அப்படித்தான் பல வீடுகளில் கேட்டன.

இதைப் பொறியியலாகப் பாருங்கள். தேவை தெளிவு: நாளுக்கு அரை மணி நேரச் செய்தி. தடைகளும் தெளிவு: பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. கையில் இருந்த வளம் 6 வோல்ற், 3 வாற் தரும் சைக்கிள் டைனமோ. சிறிய திரான்சிஸ்டர் றேடியோவுக்கு அரை வாற்றே தாராளம் என்பதால் கணக்குப் பொருந்தியது. பெடல் சுற்ற ஒருவர், அலைவரிசை பிடிக்க ஒருவர் என்று மனிதர்களும் அந்த முறைமையின் பாகமானார்கள்.

தேவையை எழுது, தடைகளை எழுது, பாகங்களாகப் பிரி, பாகங்கள் சந்திக்கும் இடங்களை வரையறு, கட்டு, சோதி. முறைமைப் பொறியியலின் சுருக்கம் இவ்வளவுதான். பொறியியலாளர்கள் இதை 'வி' எழுத்து வடிவில் வரைவார்கள். இடது கையில் தேவையிலிருந்து நுணுக்கமான பாகங்கள்வரை இறங்குகிறோம். வலது கையில் பாகங்களைச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் சோதித்தபடி மீண்டும் தேவைவரை ஏறுகிறோம்.

மென்பொருள் வானொலிக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. சாதாரண றேடியோ என்ன செய்யும் என்பதைச் செய்தவரே தீர்மானித்துவிடுகிறார். மென்பொருள் வானொலியோ எதையும் செய்யும் போலத் தோன்றும். எனவே என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று நாம் தீர்மானிக்காவிட்டால் அது எதையுமே ஒழுங்காகச் செய்யாது.

எல்லாவற்றையும் கேட்டதால் விழுந்த திட்டம்

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்க இராணுவத்தின் ஜேற்றேர்ஸ் எனப்படும் கூட்டு வானொலித் திட்டம். 1997இல் தொடங்கிய அதன் நோக்கம், படைகளிடம் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட வகை வானொலிகளுக்குப் பதிலாக ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மென்பொருள் வானொலிகளைக் கொண்டுவருவது. பழைய அலைவடிவங்கள் எல்லாவற்றோடும் பேச வேண்டும், புதிய வலையமைப்பும் வேண்டும், இரகசியக் குறியாக்கமும் வேண்டும், வாகனத்திலும் பொருந்த வேண்டும் என்று தேவைகள் கூடிக்கொண்டே போயின. பில்லியன் கணக்கான டொலர் செலவான பின், வாகனங்களுக்கான முக்கிய பிரிவு 2011 ஒக்ரோபரில் கைவிடப்பட்டது. அதுவரை செய்த பெட்டிகள் பெரிதாகவும் விலை கூடியவையாகவும் இருந்தன.

அங்கே பணமும் இருந்தது, திறமையும் இருந்தது. தேவைகளுக்கு எல்லை போடுவதுதான் நடக்கவில்லை. அதில் உருவான ஒரு நல்ல விடயம் நிலைத்தது: மென்பொருளையும் வன்பொருளையும் பிரித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பொதுவான தரமாக எழுதிவைக்கும் கட்டமைப்பு. பல நாடுகளின் மென்பொருள் வானொலிகள் இன்று அந்த வழியைப் பின்பற்றுகின்றன. இந்தியக் கடற்படைக்கான மென்பொருள் வானொலிகளுக்கு, 1,000 கோடி இந்திய ரூபாவுக்கும் மேற்பட்ட ஒப்பந்தம் 2021 பெப்ரவரியில் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்துடன் செய்யப்பட்டது.

இத்தொழில்நுட்பம் இராணுவத் தேவையிலிருந்தே வளர்ந்தது என்பதை எமது வாசகர்கள் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். அதே முறையைக் கடலுக்குப் போகும் ஒருவரின் உயிரைக் காக்கவும் பயன்படுத்தலாம்.

இலங்கையில் நடந்த ஒரு பரிசோதனை

சுனாமிக்குப் பின் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் இணைந்து, எச்சரிக்கையைக் கடைசிக் கிராமம்வரை கொண்டுசெல்வது பற்றிய ஒரு முன்னோடித் திட்டத்தை மேற்கொண்டன. சுனாமியால் பாதிக்கப்பட்ட 32 கிராமங்கள் அதில் சேர்க்கப்பட்டன. கைபேசி, நிலையான கம்பியில்லாத் தொலைபேசி, தொலைவிலிருந்து ஒலிக்கும் அலாரம், வேர்ல்ட்ஸ்பேஸ் செய்மதி வானொலி என்று பல கருவிகள் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. தனியொரு கருவியில் தங்காமல், ஒன்றை மற்றொன்று தாங்கும்படி இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்து வைப்பதே நம்பகமானது என்பது இத்தகைய முயற்சிகளின் பொதுவான பாடம்.

அதற்குப் பின் நடந்ததும் ஒரு பாடமே. வேர்ல்ட்ஸ்பேஸ் கம்பெனி 2008 ஒக்ரோபரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு முடிவில் எமது பிராந்தியத்தில் அதன் சேவை அடங்கியது. ஒரு கம்பெனிக்கும் ஒரு செய்மதிக்கும் கட்டப்பட்ட பெட்டி, அந்தக் கம்பெனியோடு ஊமையாகிவிடும். "இதைத் தருபவர் நாளை இல்லாவிட்டால் என்ன செய்வோம்?" என்பது தேவைப் பட்டியலில் எழுதப்படவேண்டிய கேள்வி. மென்பொருள் வானொலிக்கு இந்த இடத்தில்தான் உண்மையான பலம் இருக்கிறது.

எச்சரிக்கைச் சங்கிலியின் முதற்பாதி இப்போது இருக்கிறது. 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரத்துக்கான சுனாமித் தகவலை வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள். ஆனால் புயலும் வெள்ளமும் கோபுரங்களையும் மின்சாரத்தையும் சாய்க்கும்போது கடைசிக் கண்ணி இன்னும் அறுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனதை எல்லோரும் கண்டோம்.

எமது கரைக்கு ஒரு கேட்கும் நிலையம்

இனி உதாரணத்துக்கு வருவோம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கரைக்கு ஒரு சிறிய கேட்கும் நிலையத்தை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். அது மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும்: கடல்சார் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமாக அறிவிக்கும் ஏஐஎஸ் சமிக்ஞை, அதாவது 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ், 137 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் வரும் வானிலைச் செய்மதிப் படம். எதையும் ஒலிபரப்பாது. கேட்டதைத் தமிழில், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் உள்ள ஒரு திரையில் காட்டும்.

முதலில் தேவையை அளக்கக்கூடியதாக எழுத வேண்டும். "தூரத்தில் இருந்தும் நன்றாகக் கேட்க வேண்டும்" என்பது விருப்பம். அதைச் சோதிக்க முடியாது. "20 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயர அன்ரனா கொண்ட படகு பேசினால், பத்துத் தடவையில் ஒன்பது தடவை சொல் விளங்க வேண்டும்" என்பது தேவை. அதைக் கணக்கிடலாம், சோதிக்கலாம்.

தூரமும் உயரமும். இந்த அலைவரிசைகள் பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகமாட்டா. இரண்டு அன்ரனாக்களின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் எட்டக்கூடிய தூரம் கிலோமீற்றரில் வரும். கரையில் 10 மீற்றர் கம்பம், படகில் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 19 கிலோமீற்றர். எமது தேவை 20. எனவே கம்பம் 12 மீற்றர் இருக்க வேண்டும். தேவையை எழுதியதால்தான் இந்த இரண்டு மீற்றர் வித்தியாசம் தெரியவந்தது. சுவாமி மலை போன்ற 100 மீற்றர் உயரம் கிடைத்தால் 47 கிலோமீற்றர் எட்டும். ஆனால் அங்கே எதையும் நிறுவுவது எமது கையில் இல்லை. எனவே தேவையை 20இல் நிறுத்துவதே நேர்மை.

அதற்கு அப்பால் ஆழ்கடலுக்குப் போகும் பலநாட்கலங்களுக்கு இந்த நிலையம் உதவாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்கள் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து விடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதற்குச் செய்மதி வழியோ குறுகிய அலையோ வேண்டும். அது வேறு முறைமை.

எங்கே வெட்டுவது? அன்புவழிபுரத்தின் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் சற்றுத் தள்ளி உப்புவெளிக் கடல். இங்கே என் வீட்டுக் கூரையில் அன்ரனா வைத்தால் இடையிலுள்ள மரங்களும் கட்டடங்களும் சமிக்ஞையைத் தின்னும். எனவே அன்ரனாவும் டொங்கிளும் கரையிலேயே இருக்க வேண்டும். கணினியை எங்கே வைப்பது? டொங்கிள் ஒரு செக்கனுக்கு 24 இலட்சம் தடவை அளக்கும்போது, செக்கனுக்கு 4.8 மெகாபைற் தரவு பாயும். ஒரு மணி நேரத்தில் 17 கிகாபைற்றுக்கு மேல். இதை ஊருக்குள் அனுப்ப முடியாது. ஆனால் ஒரு கப்பலின் ஏஐஎஸ் இருப்பிடச் செய்தி வெறும் 168 பிற். ஒரு எஸ்எம்எஸ்ஸில் தாராளமாக அடங்கும். எனவே கணக்கிடும் சிறு கணினியையும் அன்ரனாவுக்கு அருகிலேயே வைத்து, முடிவை மட்டும் அனுப்ப வேண்டும். முறைமையைப் பாகங்களாக எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் அது ஓடுமா, நிற்குமா என்பது தங்கியிருக்கிறது.

ஜன்னலின் அகலம். இந்த டொங்கிள் ஒரே நேரத்தில் 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை மட்டுமே பார்க்கும். ஏஐஎஸ்ஸின் இரண்டு அலைவரிசைகளும் மிக அருகில் இருப்பதால் ஒரே டொங்கிளில் பிடிபடும். ஆனால் 16ஆம் அலைவரிசை அவற்றிலிருந்து 5 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் தள்ளி இருக்கிறது. வானிலைச் செய்மதி இன்னும் தூரத்தில். "மூன்றையும் கேட்க வேண்டும்" என்பதற்கும் "மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே விலையாக மாறுகிறது. அவசர அழைப்பு எந்தக் கணமும் வரலாம் என்பதால் அதற்குத் தனி டொங்கிள் வேண்டும். செய்மதி ஒரு நாளில் சில தடவை, குறித்த நேரத்தில் மட்டுமே கடக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஏஐஎஸ் டொங்கிளை இரவல் எடுக்கலாம். ஆக மூன்று வேலைக்கு இரண்டு டொங்கிள் போதும்.

பக்கத்து வீட்டுச் சத்தம். மலிவான டொங்கிள் 8 பிற் அளவீடு கொண்டது. அலையின் அளவை 256 படிகளில் மட்டுமே எழுதும். இதனால், ஒரே நேரத்தில் உள்ளே வரும் பலவீனமான சமிக்ஞைக்கும் வலுவான சமிக்ஞைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு வித்தியாசத்தையே அது சமாளிக்கும். 12 பிற் கருவி இரண்டரைக் கோடி மடங்கு வரை சமாளிக்கும். விலையும் பல மடங்கு. எமது பகுதியில் பண்பலைக் கோபுரங்கள் உண்டு. பெர்கராவின் ஒலிபரப்பிகள் நூற்றுக்கணக்கான கிலோவாற் வலுவுடையவை. இவை ஒலிக்கும் வேளையில், தூரத்துப் படகின் மெல்லிய குரல் மூழ்கிவிடலாம். விலை கூடிய கருவி வாங்குவது ஒரு வழி. அன்ரனாவுக்கும் டொங்கிளுக்கும் இடையில், வேண்டாத அலைவரிசைகளை வெட்டும் வடிகட்டியைப் போடுவது மலிவான வழி. எல்லாவற்றையும் மென்பொருளால் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எண்ணாக மாறும்போதே கெட்டுப்போன சமிக்ஞையை எந்த மென்பொருளும் மீட்காது.

மின்சாரம். சிறு கணினியும் டொங்கிள்களும் சேர்ந்து 6 வாற் எடுப்பதாகக் கொள்வோம். சைக்கிள் டைனமோவின் 3 வாற் இதற்குப் பாதிதான். அன்றைய திரான்சிஸ்டர் றேடியோவைவிட மென்பொருள் வானொலி பத்து மடங்குக்கு மேல் பசியுள்ளது என்பதை மறக்கக்கூடாது. நாளொன்றுக்கு 144 வாற்-மணி வேண்டும். எமது பக்கத்தில் புயல் வருவது நவம்பர், டிசம்பரில். 1978 நவம்பர்ப் புயல், 2000 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயல், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்த புரெவி எல்லாம் வாடைக் காலத்தில் வந்தவை. வானம் மூடியிருக்கும் அந்த நாட்களில்தான் நிலையம் கட்டாயம் ஓட வேண்டும். எனவே சராசரி வெயிலைக் கணக்கில் எடுக்காமல், நாளுக்கு இரண்டு மணி நேர முழு வெயிலே கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிட வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் 100 வாற் சோலர் பனல். மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் ஓட 432 வாற்-மணி சேமிப்பு. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 12 வோல்ற், 75 அம்பியர்-மணிப் பற்றரி. நிலையத்தின் மொத்தச் செலவில் டொங்கிள் சிறு பங்கு. பனலும் பற்றரியும் கம்பமும்தான் பெரும்பங்கு. "எந்த டொங்கிள் வாங்குவது?" என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னதன் காரணம் இதுதான்.

மொழியும் மனிதரும். திரையில் வருவது தமிழிலும், தேவைப்படும் இடத்தில் சிங்களத்திலும் இருக்க வேண்டும். "தென்கிழக்கே 12 கடல் மைல்" என்பதைவிட, தொழிலாளர்கள் தாங்களே பெயரிட்டுப் பழகிய கடற்பரப்பின் பெயரைக் காட்டினால் விரைவாக விளங்கும். அந்தப் பெயர்களைச் சேகரிப்பதும் வடிவமைப்பின் ஒரு பாகம்; அதற்கு இலத்திரனியல் தெரிந்தவர் போதாது, வயதான சம்மாட்டிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அவசர அழைப்பு வந்தால் யார் எழும்புவது, யாருக்கு அறிவிப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். பெயரில்லாத பொறுப்பை யாரும் எடுக்கமாட்டார்கள்.

நம்பிக்கையும் ஒரு தேவை

பொறியியல் புத்தகங்களில் பெரிதாகப் பேசப்படாத ஒன்று எமது மண்ணில் முதன்மையானது. போர்க்காலத்தில் கூரைக்கு மேல் ஒரு கம்பி கூடுதலாக நீண்டாலே விசாரணைக்குப் பயந்தவர்கள் நாங்கள். றேடியோப் பெட்டியை மண்ணுக்குள் புதைத்த குடும்பங்கள் உண்டு. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தாலும், அன்ரனாவைக் கண்டால் வரும் அந்த அச்சம் முற்றாகப் போகவில்லை. பக்கத்து வீட்டார் பயந்தால், அல்லது எவராவது சந்தேகப்பட்டால், எவ்வளவு நன்றாகக் கட்டிய நிலையமும் ஒரே நாளில் கழற்றப்படும்.

முறைமைப் பொறியியலில் ஒரு கருவியால் பாதிக்கப்படும் எல்லோரையும் பங்குதாரர் என்பார்கள். எமது பட்டியலில் கடற்றொழிலாளர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அம்மாவும், கிராம உத்தியோகத்தரும், ரோந்து வருபவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கான தேவைகளையும் மற்றவை போலவே எண்ணிட்டு எழுத வேண்டும்: நிலையம் கேட்கும், ஒலிபரப்பாது, ஒலிபரப்பும் பாகமே அதில் இருக்காது. எந்த மூன்று அலைவரிசை வகைகளைக் கேட்கிறது என்பது மும்மொழியிலும் வெளியே எழுதப்பட்டிருக்கும். எவரும் வந்து திரையைப் பார்க்கலாம். தனியார் உரையாடல் எதுவும் பதியப்படாது.

தான் செய்யக்கூடியதெல்லாம் செய்யாமல், சொன்னதை மட்டும் செய்யும்படி மென்பொருளைப் பூட்டி வைப்பது இங்கே பலவீனம் ஆகாது. நிலையம் நிலைத்து நிற்க அதுவே வழி.

சட்டத்தின் பக்கம்

இலங்கையில் வானொலித் தொடர்பு 1991இன் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். எனவே எதையும் இறக்குமதி செய்வதற்கு முன், கேட்கும் கருவியாக இருந்தாலும், ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். அந்தக் கடிதம் நிலையத்தின் சுவரில் தொங்க வேண்டும். பேசவும் விரும்பும் இளைஞர்கள் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். 2004இல் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குக் குறுகிய அலை வழியாகத் தொடர்பை ஏற்படுத்தியவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அத்தகைய உரிமம் பெற்ற ஆர்வலர்கள்தான். அதே நாட்களில் அந்தமானில், பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலியாளர் போர்ட் பிளேயரிலிருந்து தீவுகளின் செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுசென்றார்.

சோதனை இரண்டு வகை

கட்டிய பின் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். எழுதியபடி கட்டினோமா? இது முதலாவது. 20 கிலோமீற்றரில் படகை நிறுத்திப் பேசச் சொல்லி, பத்தில் ஒன்பது தடவை விளங்குகிறதா என்று எண்ணுவது. பனலை மூடிவிட்டு மூன்று நாள் ஓடுகிறதா என்று பார்ப்பது. எழுதியதே சரியானதுதானா? இது இரண்டாவது. மழை இரவொன்றில், முன்னறிவிப்பின்றி ஒத்திகை அழைப்பு ஒன்றை விடுத்து, கடைசியில் எவராவது படகோடு கரையில் இறங்கினாரா என்று பார்ப்பது. முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்கும் கருவிகள் ஏராளம். இந்து சமுத்திர நாடுகள் பங்கேற்கும் ஐஓவேவ் சுனாமி ஒத்திகையும் இவ்வாறு சங்கிலி முழுவதையும் சோதிப்பதற்கே நடத்தப்படுகிறது.

சோதனை ஒருநாள் சடங்கும் அல்ல. உப்புக் காற்றில் இணைப்பிகள் துருப்பிடிக்கும், பற்றரி கிழடாகும், மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது நேற்றுவரை ஓடியது நிற்கும். எந்த மாற்றம், எப்போது, யார் செய்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பது முறைமைப் பொறியியலின் மிகச் சாதாரணமான, மிகப் பயனுள்ள பழக்கம்.

ஒரே ஒரு வேலைதான் வேண்டும் என்றால், உதாரணமாக 16ஆம் அலைவரிசையைக் கேட்பது மட்டுமே தேவை என்றால், சாதாரண கடல்சார் வானொலிப் பெட்டி ஒன்றே போதும். அது மின்சாரமும் குறைவாக எடுக்கும், பழுதும் குறைவு. பல வேலைகள் இருந்து, அவை காலப்போக்கில் மாறவும் போகின்றன என்றால் மட்டுமே மென்பொருள் வானொலி தன் விலைக்குப் பெறுமதியாகிறது. தேவைப் பட்டியலை எழுதி முடிக்கும்போது இதற்கான விடை தானாகவே தெரிந்துவிடும்.

எனவே என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒரு தாளையும் பேனையையும்தான் எடுக்கச் சொல்கிறேன். யாருக்காக, எந்த இரவில், எவ்வளவு தூரத்துக்கு, எந்த மின்சாரத்தில், யாருடைய அனுமதியோடு என்ற ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் எழுதுங்கள். எழுதிய தாளைக் கடலுக்குப் போகும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எதைத் திருத்துகிறாரோ, அங்கிருந்துதான் வடிவமைப்பு தொடங்குகிறது.